ஹெச் பிளான்ட் பேன்ல நாள் கணக்கை விட்டுட்டு ரீடிங் கணக்குக்கு மாறின கதை

பல்லடம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ் பாக்கறேனுங்க. போன நோம்பி லீவுல ஹெச் பிளான்ட், அதாவது மில்லுக்குள்ள ஈரக்காத்து அனுப்பற ஹுமிடிபிகேஷன் பிளான்ட், அதுல மூணாம் நம்பர் சப்ளை பேனோட ரெண்டு பேரிங்கும் மாத்தி ஓட்டி விட்டோம், இப்ப ரீடிங் எல்லாம் சமத்தா இருக்கு. இதுக்கு முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கறப்ப பேரிங் கெடறத கண்டுபிடிச்சு, சாமான் வாங்கி வெச்சு, நாள் குறிச்சு நிறுத்தி மாத்துனதுன்னு எங்க மில்லுல நடந்ததே இல்ல, அதனால எழுதி வெக்கலாம்னு தோணுச்சு. இதே மாதிரி சின்ன மில்லு, சைசிங், ரைஸ் மில்லு வெச்சிருக்கவங்களுக்கு உபயோகப்படலாம்.

முன்னாடி எப்படி ஓடுச்சுன்னா, மாசம் ஒருக்கா எல்லா பேனுக்கும் கிரீஸ், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா பேரிங் மாத்தறது, சார்ட்டுல டிக் அடிச்சுட்டா வேலை முடிஞ்சுது. கிரீஸ் அடிக்கறதுன்னா சீல் வழியா வெளிய பிதுங்கற வரைக்கும் அடிக்கறது. யாரும் அளந்ததில்ல. இவ்வளவு பண்ணியும் வருசத்துக்கு ரெண்டு தடவையாவது ஏதோ ஒரு பேன் ராத்திரி ஷிப்ட்டுல உக்காந்துரும். சப்ளை பேன் நின்னா நூல் நூக்கற ரிங் பிரேம் டிபார்ட்மென்ட்டுல ஈரப்பதம் 55, 60ல இருந்து கீழ எறங்கும், நூல் அந்தப்பிடி அறுக்கும், அதும் ஆனி ஆடி காத்து சீசன்ல கேக்கவே வேண்டாம், பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து விண்ட்மில்லுக்கு நல்லது, நூலுக்கு ஆகாது. அப்பறம் உற்பத்திய பாக்கற ஸ்பின்னிங் மாஸ்டர் போன் மேல போன்.

அதான் நாள் பாத்து மாத்தறத விட்டுட்டு ரீடிங் பாத்து மாத்தலாம்னு மொதல்ல ஹெச் பிளான்ட்ட எடுத்தோம். அஞ்சு பேன், எல்லாம் பழைய மாடல் டபுள் இன்லெட் சென்ட்ரிபியூகல், பெல்ட் டிரைவ், 15 கிலோவாட் மோட்டார், ஷாப்ட் 60 மிமீ, ரெண்டு பக்கமும் பேரிங் உக்கார்ற பிளம்மர் பிளாக், உள்ள 22213 கே பேரிங், அத ஷாப்ட்டுல புடிக்கற அடாப்டர் ஸ்லீவோட. மில்லு முழுக்க ஒட்டுக்கா ஆரம்பிச்சிருந்தா ரெண்டாவது மாசமே ரீடிங் நோட்டை மூடி வெச்சிருப்போம்.

மொதல் ரோசனை சென்சார். எலக்ட்ரிசியன் தம்பி ஒருத்தன், நல்ல ஆர்வம், ஈஎஸ்பி32 வைபை போர்டும், ஆட்டத்த அளக்கற எம்பியு6050 சென்சாரும் வாங்கிட்டு வந்து டப்பாக்குள்ள வெச்சு பிளம்மர் பிளாக் மேல ஒட்டி வைபைல மொபைலுக்கு கிராப் வர வெச்சுட்டான். மொத்தம் ₹900கூட ஆகல. பாக்க ஜோரா இருந்துச்சு, மொதலாளிக்கே காமிச்சோம். ஆனா அந்த சென்சார்ல ஆக்ஸிலரேஷன் 260 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் ஒழுங்கா தெரியும். பேன் ஆடுதா, இம்பெல்லர் பேலன்ஸ் போச்சாங்கறதுக்கு அது போதும். பேரிங் ஆரம்பத்துல கெடற அறிகுறி இருக்கு பாருங்க, அது ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ்ல வர்றது, இதுல வராது. ஏடிஎக்ஸ்எல்345 போட்டா 1600 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், அதுவும் பத்தாது. போதாததுக்கு காத்துல தண்ணி தெளிக்கற ஏர் வாஷர்ல இருந்து வர்ற ஈரத்துல போர்டு பச்சை பூத்துருச்சு. டப்பா இன்னும் ஸ்டோர்ல இருக்கு, தம்பி அத வீட்டுல தண்ணி டேங்க்குக்கு கேட்டுட்டு இருக்கான்.

கையில புடிக்கற வைப்ரேஷன் மீட்டர் ஒண்ணு ₹8,500க்கு வாங்குனோம். வெலாசிட்டி மிமீ/செகண்ட்ல, நாங்க சுருக்கமா மிமீன்னு சொல்றது, 10 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரைக்கும், ஆக்ஸிலரேஷன் ஜி கணக்குல அதுக்கு மேல ஹை பிரீக்வென்சி மோடுலயும் காட்டும். கூட ஒரு டெம்பரேச்சர் கன் ₹2,200. ஆம்பியர் பாக்கற கிளாம்ப் மீட்டர் ஏற்கனவே இருந்துச்சு. அப்பறம் 200 பக்க நோட்டு. எக்ஸெல் எல்லாம் பின்னாடி வந்துச்சு, ஆனா இப்பவும் நோட்டுதான் நம்பிக்கை, பேனுக்கு பக்கத்துல நின்னுட்டு போன மாச நெம்பரை பாக்கலாம்.

ரீடிங் எடுக்கற இடத்த சரி பண்றதுக்கே சித்த நாள் ஆச்சு. மீட்டர் முனைய ரெண்டு இன்ச் தள்ளி வெச்சாலே ரீடிங் மாறுது, கையில அழுத்தறது ஆளுக்கு ஆள் மாறுது. அதனால ஒவ்வொரு பிளம்மர் பிளாக்லயும் பெயின்ட்ட சொரண்டி, 20 மிமீ வட்டமா எம்எஸ் தகடு வெட்டி அரால்டைட்டுல ஒட்டுனோம், மேல ஒண்ணு, சைடுல ஒண்ணு, ஷாப்ட் நீளவாக்குல ஒண்ணு. மீட்டருக்கு மேக்னட் வந்துச்சு, தகட்டுல டக்குனு புடிச்சுக்கும். தகட்டுக்கு செலவே இல்ல, ஸ்கிராப்புதான். டெம்பரேச்சருக்கு பேரிங் மேல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அது மேலதான் கன் அடிக்கோணும், பளபளன்னு இருக்கற எடத்துல அடிச்சா கொறச்சு காட்டும். மோட்டார் பக்கம் அலுமினிய டேக் மேல அடிச்சு 34 டிகிரின்னு எழுதியிருந்தோம், டேப் ஒட்டி பாத்தா 52.

அதுக்கப்பறமும் ஒரு மாசத்து ரீடிங் குப்பைக்கு போச்சு. எங்க பேன் எல்லாம் மோட்டார் ஸ்பீட மாத்தற விஎப்டி டிரைவ்ல ஓடறது, கரண்ட் மிச்சம் பண்ண போட்டது, ஈரப்பதத்த பாத்து தானா ஸ்பீடு ஏத்தி எறக்கும். காலைல 38 ஹெர்ட்ஸ்ல ஓடறப்ப எடுத்தா 1.4 மிமீ, மத்தியானம் 48 ஹெர்ட்ஸ்ல எடுத்தா 2.6. ஒரே பேன், ஒரே நாள். இத வெச்சு போன வாரத்த விட ஏறிடுச்சுன்னு என்னத்த சொல்றது? ஸ்பீடு ஏற ஏற பேலன்ஸ் இல்லாத வெயிட்டு இழுக்கற இழுப்பு ஸ்பீடோட வர்க்கத்துல ஏறும், அதனால ஸ்பீடு எழுதாத ரீடிங் ரீடிங்கே இல்ல. இப்ப ரீடிங் எடுக்க வர்ற ஆளு பேனல்ல மேனுவல் போட்டு 45 ஹெர்ட்ஸ்ல நிறுத்தி, அஞ்சு நிமிசம் ஓட விட்டு, அப்பறம்தான் மீட்டர எடுக்கோணும். முடிச்சுட்டு ஆட்டோல திருப்பி போட மறந்துருவாங்கன்னு பேனல் கதவுலயே எழுதி ஒட்டியாச்சு.

இதுல ஒரு போனஸ். ஸ்பீட மெதுவா ஏத்தி பாத்தப்ப மூணாம் நம்பர் பேன் 41 ஹெர்ட்ஸ் கிட்ட வந்தா மட்டும் பேஸ் பிரேமே சிலுத்துக்குது, 6 மிமீக்கு மேல போகுது, தாண்டுனா அடங்கிருது. டிரைவ்ல ஸ்கிப் பிரீக்வென்சின்னு ஒரு பாராமீட்டர் இருக்கும், 40 முதல் 42 வரைக்கும் நிக்காத மாதிரி செட் பண்ணுனோம். எத்தனை வருசமா அந்த ஸ்பீடுல நின்னு ஆடிட்டு இருந்துச்சோ தெரியல. காசு செலவில்லாம கெடச்ச நல்லது இதுதான்.

லிமிட் எது வெக்கறதுன்னு வந்தப்ப, மிசின் எவ்வளவு ஆடலாம்னு சொல்ற ஐஎஸ்ஓ 10816 சார்ட்ட பாத்தோம். 15 முதல் 75 கிலோவாட் வரைக்கும் இருக்கற மிசினுக்கு 2.8 மிமீ வரைக்கும் தாராளம், 2.8க்கு மேல 7.1 வரைக்கும் ரொம்ப நாள் ஓட்டக்கூடாது, 7.1க்கு மேல ஆபத்துன்னு இருக்கும். சார்ட்டு நல்லதுதான், ஆனா அது மிசின் மொத்தமா ஆடறதுக்கு, பேரிங்குக்கு இல்ல. இத நாங்க மூணாம் நம்பர் பேன்லதான் கத்துக்கிட்டோம்.

நடந்தது இதுங்க. ரீடிங் ஆரம்பிச்ச புதுசுல தைப்பொங்கல் லீவு வந்துச்சு, பழைய மெயின்டனன்ஸ் சார்ட்டுப்படி மூணாம் நம்பர் பேனுக்கு ரெண்டு வருசம் முடிஞ்சுது. அப்ப அதோட ரீடிங் 2.0 மிமீ, 0.5 ஜி, 42 டிகிரி. ஒரு கொறையும் இல்ல. ஆனா சார்ட்டுல இருக்குதே, லீவும் இருக்குதே, பேரிங்கும் ஸ்டோர்ல இருக்குதேன்னு கான்ட்ராக்ட் ஆளுங்கள விட்டு மாத்தியாச்சு. கழட்டுன பழைய பேரிங்க டீசல்ல கழுவி பாத்தா டிராக் எல்லாம் கண்ணாடி. அத பாத்து எங்க பெரிய பிட்டர், முப்பது வருசம் சர்வீஸ், "இத எதுக்கு சாமி கழட்டுனீங்க"ன்னு ஒரு வார்த்தை கேட்டாரு.

புது பேரிங் போட்டு ஒரு வாரம் ஒண்ணும் தெரியல. அப்பறம் டெம்பரேச்சர் 58, ஜி 0.9. புதுசு, செட் ஆகட்டும்னு விட்டோம். அடுத்து 61, 1.4 ஜி. வெலாசிட்டி மட்டும் 2.1லயே நிக்குது, ஐஎஸ்ஓ சார்ட்டுப்படி பச்சை. மாஸ்டர் மீட்டர வாங்கி பாத்துட்டு "ரெண்டு பாயின்ட் ஒண்ணுதானுங்களே, நீங்க குடுத்த சார்ட்டுல ஒகேன்னுதானே போட்டிருக்கு"ங்கறாரு. அவர் கேட்டது நியாயம்தான்.

சூடா இருக்குதுன்னு கிரீஸ் அடிச்சோம், சூடு 67க்கு ஏறிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு எறங்குச்சு, ஆனா பழைய எடத்துக்கு வரல. கிரீஸ் எச்சானா பேரிங் அதுக்குள்ளயே கடைஞ்சு கடைஞ்சு சூடாகும். அன்னிக்குதான் கணக்கு பாத்தோம். பேரிங் வெளி விட்டம் 120 மிமீ, அகலம் 31 மிமீ, ரெண்டையும் பெருக்கி 0.005ஆல பெருக்குனா 18.6 கிராம், ஒரு தடவைக்கு அவ்வளவுதான். எங்க கிரீஸ் கன்னு ஒரு அடிக்கு எவ்வளவு தள்ளுதுன்னு நூல் கவுன்ட் பாக்கற லேப் தராசுல பத்து அடி அடிச்சு எடை போட்டோம், 13 கிராம். அப்ப 14 அடி போதும். அது வரைக்கும் நாப்பது அம்பதுன்னு அடிச்சிட்டு இருந்தோம், அதும் மாசா மாசம்.

பெல்ட் டென்ஷன் எச்சா இருக்குமோன்னு சித்த லூஸ் பண்ணுனோம், மாத்தமில்ல. அலைன்மென்ட் நூல் புடிச்சு பாத்தோம், சரியாத்தான் இருந்துச்சு. பெரிய பிட்டரு நீள ஸ்க்ரூடிரைவர பிளாக் மேல வெச்சு காதுல வெச்சு கேட்டுட்டு, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி அரையுதுன்னாரு. ஒரே நேரத்துல ரெண்டு பேரிங்கும் கெடறதுன்னா பேரிங் மேல தப்பில்ல, போட்ட விதத்துல தப்புன்னும் சொன்னாரு. மீட்டர்லயும் ஷாப்ட் நீளவாக்கு தகட்டுல ஜி ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணா ஏறியிருந்துச்சு. அந்த மனுசன் காதுக்கு தெரிஞ்சத நெம்பரா எழுதத்தான் மீட்டர்னு எனக்கு அப்ப பட்டுச்சு.

இனி எப்ப நிறுத்தறது. இதுதான் உண்மையிலயே கஷ்டமான கட்டம், மீட்டர் வாங்கறதெல்லாம் ஒரு வேலையே இல்ல. ஆர்டர் நெருக்கடி, மாஸ்டர் நிறுத்த மாட்டேங்கறாரு, நான் நிறுத்துங்கறேன். மொதலாளி ரெண்டு பேரையும் கூப்பிட்டு வெச்சு எந்த நெம்பர் வந்தா நிறுத்தோணும்னு இப்பவே எழுதுங்கன்னுட்டாரு. எழுதுனோம்: டெம்பரேச்சர் 80 தொட்டா, இல்ல ஜி 5 தொட்டா, ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஷிப்ட் சூப்பர்வைசரே நிறுத்தலாம், யாரையும் கேக்க வேண்டாம். அது வரைக்கும் தினமும் ரீடிங், வர்ற நோம்பிக்கு மாத்திக்கலாம். மாஸ்டரும் நானும் கையெழுத்து போட்டோம். அதுக்கப்பறம் ஒரு சண்டை இல்ல. காலைல வெள்ளென ஷிப்ட் மாறறப்ப ஒரு ஒடிசா பையன் ரீடிங் எடுத்து போர்டுல எழுதிருவான், தமிழ் நெம்பர் எல்லாம் நல்லா சொல்லுவான், மாஸ்டர் டீ குடிக்க போற வழியில பாத்துட்டு போயிருவாரு.

ஜி மெதுவா 2, 2.6, 3.1ன்னு ஏறுச்சு, சூடு 70ஐ சுத்தி நின்னுச்சு. அதுக்குள்ள சாமான் தயார் பண்ணுனோம். கோயமுத்தூர் காட்டூர் பக்கம் போயி உள்ள இடைவெளி சித்த எச்சா இருக்கற சி3 கிளியரன்ஸ் பேரிங் ரெண்டு, ஸ்லீவ், நட்டு, வாஷர், சீல் எல்லாம் சேத்து ₹17,400. அவசரத்துக்கு ராத்திரி அலைஞ்சா கெடச்சத வாங்குவோம், இதுல கெடக்கற டூப்ளிகேட் பயமே பெரும் பயம். நேரம் இருந்ததால பில்லோட டீலர்கிட்டயே வாங்குனோம். பணம் மிச்சமானதுன்னு எண்ணிக்கிட்டா இத எண்ணிக்கலாம்.

நோம்பி அன்னிக்கு காலைல ஆரம்பிச்சு பொழுதோட முடிச்சோம். ஐசொலேட்டர் ஆப் பண்ணி பூட்டு போட்டதும் அடுத்த வேலை இம்பெல்லர கவுறு போட்டு கட்டறது. மத்த பேன் ஓடறதால டக்ட் வழியா காத்து வந்து நின்ன பேன் தானா சுத்தும், கை வெச்சிருக்கறப்ப சுத்துனா விரல் போயிரும். இத யாரும் விட்டுறாதீங்க.

மேல் மூடிய தெறந்த உடனே தெரிஞ்சு போச்சு. ரெண்டு பிளாக்லயும் லொக்கேட்டிங் ரிங் இருக்கு. ஒரு பக்கம் பேரிங் நகராம புடிச்சிருக்கோணும், இன்னொரு பக்கம் ஷாப்ட் சூட்டுல நீளறப்ப நகர வழி விடோணும், அதனால ரிங் ஒரு பக்கந்தான் வரும். பொங்கலுக்கு மாத்துன ஆளுங்க, புது செட்டோட நாலு ரிங் வந்துச்சுன்னு நாலையும் போட்டுட்டாங்க, பழசுல ஒரு பக்கம் ரிங் இல்லாதத தொலைஞ்சு போச்சுன்னு நெனச்சிருப்பாங்க போல. எங்க பேன்ல ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல 900 மிமீ. ஷாப்ட் பேஸ் பிரேமை விட 15 டிகிரி சூடா இருந்தா கிட்டத்தட்ட 0.16 மிமீ நீளும், பேஸ் பிரேம் வேற வாஷர் ஈரத்துல சில்லுனு கெடக்கும். நீள வழியில்ல, பேரிங்க தள்ளுது. கழட்டி பாத்தா ரெண்டு பேரிங்லயும் வெளிப்பக்க ரோலர் வரிசை மட்டும் டிராக் மங்கி பொரிஞ்சு போயி, உள்பக்க வரிசை புதுசாட்டம் இருக்கு. ஒரு கொறையும் இல்லாம ஓடிட்டு இருந்த பேன், சார்ட்டுக்காக தெறந்ததுனால கெட்டுச்சு. 1978ல அமெரிக்காவுல யுனைடெட் ஏர்லைன்ஸ்காரங்க விமான பாகங்கள ஆராய்ச்சி பண்ணி 11 சதவீதம்தான் வயசாக ஆக கெட்டுப்போற ரகம்னு சொல்லியிருக்காங்க, அத முன்னாடி படிச்சப்ப பிளேனுக்கும் பஞ்சு மில்லுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டிருந்தேன்.

மாட்டறப்ப அவசரப்படல. ஷாப்ட்ட எமரி போட்டு தொடச்சு மைக்ரோமீட்டர்ல நாலு எடத்துல பாத்தோம், 59.97, 59.98, ஓவல் இல்ல. பேரிங்க மாட்டறதுக்கு முன்னாடி மேல் ரோலருக்கும் அவுட்டர் ரேஸுக்கும் நடுவுல இடைவெளி அளக்கற பீலர் கேஜ் விட்டு பாத்தா 0.09 மிமீ. ஸ்லீவ் மேல ஏத்தி ஹுக் ஸ்பேனர்ல நட்ட கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி, இறுக்க இறுக்க கேஜ் விட்டு, 0.055 வந்ததும் நிறுத்தியாச்சு. இந்த சைஸுக்கு 0.03 முதல் 0.04 வரைக்கும் கொறயோணும், எங்களுக்கு 0.035. முன்னாடி எல்லாம் சுத்தியல்ல அடிச்சு நட்டு நகராத வரைக்கும் இறுக்கறதுதான் கணக்கு. லாக் வாஷர் காத மடக்கிட்டு, பெல்ட் இருக்கற பக்கம் மட்டும் ரிங், அக்கட்ட பேரிங்க ஹவுசிங் நடுவுல வெச்சு ப்ரீயா விட்டாச்சு. பேரிங்குக்குள்ள முழுக்க கிரீஸ், ஹவுசிங்ல பாதிக்கு மேல வேண்டாம்.

ஓட்டுன அன்னிக்கு 49 டிகிரி, ரெண்டாம் நாள் 44, ஜி 0.4, வெலாசிட்டி 1.9. அப்பறம் அங்கயே நிக்குது.

இதுல எல்லாமே மாட்டுதுன்னு நெனச்சுறாதீங்க. இதே நோட்டுல எல்லா ரீடிங்கும் பச்சையா இருந்த அஞ்சாம் நம்பர் பேன் மோட்டார் ஒரு நாள் எரிஞ்சுது. கான்டாக்டர் டெர்மினல் ஒண்ணு லூஸாகி கருகி, ரெண்டு பேஸ்ல ஓடி, ஓவர்லோட் ரிலேவும் சரியா செட் பண்ணாம இருந்து, வைண்டிங் போச்சு. ரீவைண்டிங் ₹11,000. வைப்ரேஷன் மீட்டருக்கு இது எப்படி தெரியும்? இப்ப மாசம் ஒருக்கா பேனல தெறந்து மூணு பேஸ் வயரும் மாட்டற லக்கையும் டேப் ஒட்டுன எடத்துல கன் அடிக்கறோம், மூணும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கோணும், ஒண்ணு மட்டும் பத்து டிகிரி எச்சுன்னா டைட் பண்ணு. மூணு பேஸ் ஆம்பியரும் எழுதறோம். மறுபடி பண்ணுனா இத மொதல் நாளே ஆரம்பிப்பேன், வைப்ரேஷனுக்கு முன்னாடியே.

எல்லாத்தையும் ரீடிங்குக்கு மாத்தவும் முடியாது. வாஷர் நாசில், டிரம் பில்டர், இம்பெல்லர் மேல படியற பஞ்சு, இதெல்லாம் நாள் கணக்குலயே கழுவறோம், இல்லைன்னா ரீடிங்கே பொய் சொல்லும். நாலாம் நம்பர் பேன்ல வெலாசிட்டி 4.3 வந்து பதறிப்போயி பாத்தா பிளேடுல ஈரப் பஞ்சு அப்பியிருந்துச்சு, கழுவுன உடனே 1.8. ஜி அப்ப ஏறவே இல்ல. மிமீ ஏறுனா பேன பாரு, ஜி ஏறுனா பேரிங்க பாருன்னு எங்க ஆளுங்க இப்ப அவங்களே சொல்லிக்கறாங்க, அத்தன சுலபமில்ல, ஆனா எந்த மூடிய மொதல்ல தெறக்கறதுன்னு முடிவு பண்ண போதும். கம்ப்ரசர் ஏர் ரிசீவர் டெஸ்ட்டு சட்டப்படி நாளுக்கு நடக்கோணும், அதுல நம்ம நோட்டு செல்லாது.

செலவுன்னு பாத்தா மீட்டரும் கன்னும் ₹10,700, பசை, டேப், நோட்டு ஒரு ₹600. சென்சார் டப்பா ₹900 தனி. அடுத்து ரிங் பிரேம் மெயின் மோட்டாரும் கம்ப்ரசரும் சேக்கலாம்னு இருக்கோம், கம்ப்ரசருக்கு ஆயில் சாம்பிள் லேபுக்கு அனுப்பி பாக்கோணும். எல்லா பேன்லயும் ரிங் இருக்கற பிளாக்குக்கு செவப்பு பெயின்ட், ப்ரீயா விடற பிளாக்குக்கு மஞ்சள்னு அடிச்சு, செட்டோட வர்ற எச்சு ரிங்க ஸ்டோர்லயே எடுத்து வெச்சுட்டுதான் பேரிங்க வெளிய குடுக்கறதுன்னு பண்ணியிருக்கோம். கான்ட்ராக்ட் ஆளு யாரு வந்தாலும் மூடி தெறக்கறப்ப எங்க பிட்டர் ஒருத்தர் கூட நிக்கோணும்.

ரெண்டாம் நம்பர் பேனுக்கு வர்ற ஆடி நோம்பியோட ரெண்டு வருசம் முடியுது. இந்த வார ரீடிங் 1.7 மிமீ, 0.6 ஜி, 43 டிகிரி. பேரிங் வாங்கி ஸ்டோர்ல வெச்சாச்சு, பேன தெறக்கறதா இல்ல.